காற்றில் குளிரும் இன்ஜின்: பழைய லோடு ஆட்டோவுக்குச் சாமான் தேடும் வழி

லோடு ஆட்டோவின் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதில் பட்டறை வேலை ஒரு பாதி. சரியான சாமானைத் தேடிப் பிடிப்பது மறு பாதி. திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு, நெல்லிவாசல் பக்கம் ஏறும் சாலையிலும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் சாலையிலும் சிமென்ட், உரம், மளிகை எல்லாம் மேலே போக வேண்டும். சாமை, புளி, பலா, சீதாப்பழம் கீழே வர வேண்டும். லாரி திரும்ப முடியாத ஊர்களுக்கு மூன்று சக்கர வண்டிதான் வசதி. இப்படி ஜவ்வாது மலையேறி இறங்கிப் பதினைந்து, இருபது வருடம் ஓடிய வண்டிக்கு ஒருமுறையாவது 'ஃபுல் இன்ஜின்' வேலை வந்தே தீரும். எதைப் புதிதாக வாங்குவது, எதை லேத்தில் கொடுத்துச் சரிசெய்வது, எதைப் பழைய சாமான் கடையில் தேடுவது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் செலவு கைக்குள் நிற்கும். தெரியாவிட்டால் புது சாமான் போட்ட இன்ஜினே ஆறு மாதத்தில் மறுபடி புகை விடும்.

இந்த வண்டிகளில் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஆப்பே. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1948-இல், வெஸ்பா ஸ்கூட்டரை அடிப்படையாக வைத்து உருவாக்கிய சரக்கு வண்டி அது. 1990-களின் கடைசியில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் அதன் உற்பத்தி தொடங்கியபோது, இந்தியச் சாலைக்கும் சுமைக்கும் ஏற்றபடி டீசல் இன்ஜின் பொருத்தப்பட்டது. இத்தாலியின் லொம்பார்தினி வடிவமைத்த இன்ஜினை உரிமம் பெற்று இங்கே தயாரித்தது கிரீவ்ஸ் காட்டன். பிஸ்டன் விட்டம் 86 மி.மீ., ஸ்ட்ரோக் 68 மி.மீ., கொள்ளளவு 395 சி.சி. பின்னால் அதே விட்டத்தில் ஸ்ட்ரோக்கை 75 மி.மீ. ஆக்கி 435 சி.சி. வகையும் வந்தது. வேறு சில கம்பெனிகளின் மூன்று சக்கர வண்டிகளிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான். தண்ணீரில் குளிரும் வகைகளும் இதில் உண்டு என்பதால், கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொல்லிச் சாமான் கேட்பது போதாது.

காற்றுக் குளிர்ச்சி என்றால் என்ன என்பதைப் புரிந்துகொண்டால், எந்தப் பாகம் ஏன் தேய்கிறது என்பதும் புரிந்துவிடும். சிலிண்டருக்குள் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மிச்சம் இன்ஜினின் உலோகத்தில் ஏறுகிறது. அதை வெளியே எடுத்தாக வேண்டும். கார், லாரி இன்ஜின்களில் சிலிண்டரைச் சுற்றி ஓடும் தண்ணீர் அதை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. காற்றில் குளிரும் வகை ஆப்பேயில் தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. வார்ப்பிரும்புச் சிலிண்டரின் வெளிப்புறத்திலும் அலுமினிய ஹெட்டிலும் அடுக்கடுக்காக மெல்லிய செதில்கள் வார்க்கப்பட்டிருக்கும். ஃப்ளைவீலிலேயே விசிறி இதழ்கள் உண்டு. அவை தள்ளும் காற்றைத் தகரக் கவசம் ஒன்று வளைத்துப் பிடித்து, செதில்களின் இடுக்கு வழியாகப் போகச் செய்கிறது.

இந்தத் தகரக் கவசத்தைத்தான் பட்டறைகளில் முதலில் கழற்றி மூலையில் போடுகிறார்கள். நாலு போல்ட்டில் இரண்டு தொலைந்துபோகும். ஒரு பக்கம் துருப்பிடித்து உடையும். 'காற்று நன்றாகப் படட்டும்' என்று சொல்லி அதில்லாமலே வண்டியை ஓட்டுபவர்களும் உண்டு. இது முழுத் தவறு. கவசம் இல்லாவிட்டால் விசிறிக் காற்று எதிர்ப்பில்லாத பக்கமாகச் சிதறிப் போய்விடும். சிலிண்டரின் பின்புறச் செதில்களுக்குக் காற்றே வராது. அந்தப் பக்கம் மட்டும் சூடேறி, வட்டமான சிலிண்டர் கோணலாக விரியும். பிஸ்டன் ஒரு பக்கமாக உரசிப் பிடிக்கும். இன்ஜினில் மிகக் குறைந்த விலையுள்ள பாகங்களில் ஒன்று இந்தத் தகரம்; அது இல்லாததால் வீணாகும் பிளாக்கும் பிஸ்டனும் அதைப் போலப் பல மடங்கு விலை. எனவே வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலில் முதல் வரியில் எழுத வேண்டியது கவசத்தையும், அதைப் பிடிக்கும் கிளிப், போல்ட்டுகளையும்தான். புதிதாகக் கிடைக்காவிட்டால் பழைய வண்டிகளை உடைக்கும் கடையில் இது எளிதாகக் கிடைக்கும். தேயும் பாகம் அல்ல என்பதால் பழையதை வாங்குவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

மலைச் சாலையில் இந்த விஷயம் இன்னும் கூர்மையாகிறது. விசிறி இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவதால், இன்ஜின் வேகம் குறைந்தால் காற்றும் குறையும். கொண்டை ஊசி வளைவில் முழுச் சுமையோடு, கியரைக் குறைக்காமல் இழுத்து ஏறும்போது, வெப்பம் உச்சத்திலும் காற்று அடிமட்டத்திலும் இருக்கும். அதோடு வால்வு கவரிலிருந்து கசியும் ஆயிலில் செம்மண் தூசியும் பதரும் ஒட்டிச் செதில் இடுக்குகளை அடைத்துவிட்டால், போர்வை போர்த்திய மாதிரிதான். பிரித்த இன்ஜினில் பிஸ்டனின் ஒரு பக்கம் மட்டும் கீறியிருந்தால் அல்லது ஹெட்டில் விரிசல் கண்டால், புதுச் சாமான் வாங்கும் முன் இந்தக் காரணத்தைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் வாங்கும் சாமானும் அதே வழியில் போகும்.

அடுத்தது அளவு. இன்ஜினைப் பிரித்த அன்றே கடைக்கு ஓடுவது வழக்கமாகிவிட்டது. செலவு பெருகுவதும் அங்கேதான். ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, அளந்து, எழுதிய பிறகே பட்டியல் போட வேண்டும். சிலிண்டரின் உள்விட்டத்தை போர் டயல் கேஜ் வைத்து மேலே, நடுவில், கீழே என மூன்று இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளில் பார்க்க வேண்டும். தேய்மானம் எப்போதும் ஒரே சீராக இருக்காது. மேல் ரிங் திரும்பும் உயரத்தில், அதுவும் பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கத்தில்தான் அதிகம். விரலை விட்டுத் தடவி 'விளிம்பு தட்டுது' என்று சொல்வது அனுபவ அறிவு. ஆனால் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரல் சொல்லாது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, பிளாக்கை ரீபோர் செய்ய வேண்டுமா என்று தீர்மானிக்கப்படுகிறது.

ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. இந்த இன்ஜினுக்கு வழக்கமாகக் கிடைப்பவை 0.50 மி.மீ., 1.00 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன்கள். ஆகவே ஒரு பிளாக்கை இரண்டு முறை கடையலாம். பிஸ்டனும் ரிங்கும் கைக்கு வந்த பிறகே பிளாக்கை லேத்துக்குக் கொடுக்க வேண்டும். பெட்டியில் 0.50 என்று அச்சிட்டிருந்தாலும் ஒவ்வொரு தயாரிப்பாளரின் பிஸ்டனும் நூறில் ஓரிரு பங்கு வித்தியாசப்படும்; லேத்துக்காரர் கையில் இருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்குக் கையேடு சொல்லும் இடைவெளியைச் சேர்த்துக் கடைய வேண்டும். காற்றுக் குளிர்ச்சி இன்ஜினில் இந்த இடைவெளியை இறுக்கினால் ஆபத்து. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சிலிண்டர் சுவரைத் தண்ணீர் தாங்கி நிற்காததால் சூடும் அதிகம். 'டைட்டாக இருந்தால் நீண்ட நாள் வரும்' என்று நினைத்துக் கடைந்த பிளாக், முதல் ஏற்றத்திலேயே ஜாம் ஆகும். கடைந்த பிறகு ஹோனிங் கல்லால் குறுக்கு மறுக்காகக் கோடு போட்டு விடுவதும் அவசியம். ஆயில் தங்குவதும் ரிங் சீக்கிரம் படிவதும் அந்தக் கோடுகளால்தான்.

1.00 மி.மீ. தாண்டித் தேய்ந்துவிட்டால் லைனர் அடித்துத் தருவதாகச் சில பட்டறைகள் சொல்லும். தண்ணீர்க் குளிர்ச்சி இன்ஜினில் அது பழகிய வழி. இங்கே அவ்வளவு நல்லதல்ல. லைனருக்கும் செதில்கள் உள்ள பழைய பிளாக்குக்கும் இடையே தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் வெப்பம் அந்த இடத்தில் தடைபடும். செதில்கள் ஆறிக் கிடக்க, உள்ளே பிஸ்டன் கொதிக்கும். பிளாக், பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்த்துப் பொருத்திய கிட்டாகவே வாங்குவது அந்த நிலையில் சரியான செலவு. கிட்டாக வாங்கினாலும் ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக இறக்கி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்துவிட வேண்டும். 86 மி.மீ. போருக்கு அது பெரும்பாலும் 0.3 மி.மீ. முதல் 0.5 மி.மீ. வரை இருக்கும்.

இந்த இடத்தில் 395, 435 குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் பிஸ்டன் விட்டம் ஒன்றே என்பதால் ஒன்றின் பிஸ்டனை மற்றதற்குப் போட்டுவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பக் கூடாது. ஸ்ட்ரோக் 7 மி.மீ. கூடினால் பிஸ்டன் மேலே 3.5 மி.மீ. அதிகம் ஏறும். அதை ஈடுகட்ட பிஸ்டனின் பின் துளை உயரத்திலோ, கன்ராடு நீளத்திலோ, சிலிண்டர் உயரத்திலோ மாற்றம் இருந்தே ஆக வேண்டும். டீசல் நேரடியாகப் பிஸ்டன் குழியில் பீய்ச்சப்படும் இன்ஜின் இது. மேல் எல்லையில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரை விடக் குறைந்த இடைவெளிதான். அது கூடினால் ஸ்டார்ட்டிங் போகும், புகை வரும். குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. மெல்லிய ஈயக் கம்பித் துண்டுகளைப் பிஸ்டன் தலையில் வைத்து, ஹெட்டை முறையாக முடுக்கி, கிராங்க்கை ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, நசுங்கிய ஈயத்தின் தடிமனை அளப்பதுதான். வேறுபாட்டை ஷிம் தகடு வைத்துச் சரிசெய்யலாம். ஷிம் தகடுகளைப் பழைய கேஸ்கெட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு கடை கடையாகத் தேடுவது அடிக்கடி நடப்பது.

ஹெட்டைப் பழையதாக வாங்கலாமா? பெரும்பாலும் வேண்டாம். அலுமினிய ஹெட்டின் பலவீனமான இடம் இரண்டு வால்வுகளுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய பகுதியும் நாசில் துளையின் ஓரமும். சூட்டில் விரிசல் விழுவது அங்கேதான். கரி படிந்த பழைய ஹெட்டில் அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. கழுவிக் காய்ச்சிப் பார்த்தால்தான் தெரியும், அப்போது பணம் போயிருக்கும். செதில் உடைந்திருந்தால் ஆர்கான் வெல்டிங்கில் வைத்துக்கொள்ளலாம். வால்வு நடுவே விழுந்த விரிசலை வெல்டிங் செய்வது பயன் தராது. சொந்த ஹெட் விரிசல் இல்லாமல் இருந்தால் அதுவே பொக்கிஷம்: புது கைடு, புது வால்வு போட்டு, சீட் கட்டிங் செய்து, லேப்பிங் அரைத்து, டீசல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தால் போதும். வால்வு மலிவான பாகம். தண்டு தேய்ந்த பழைய வால்வை மறுபடி போடுவதில் எந்தச் சிக்கனமும் இல்லை.

கீழ்ப் பகுதியில் கிராங்க்தான் விலை கூடியது. கன்ராடு பிடிக்கும் இடத்தை, அதாவது ஜர்னலை, மைக்ரோமீட்டரில் அளந்து, முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் 0.25 மி.மீ. அல்லது 0.50 மி.மீ. குறைத்து கிரைண்டிங் செய்வார்கள். அதே அளவு அண்டர்சைஸ் மெட்டல் (கன்ராடு பேரிங்) போட வேண்டும். பிஸ்டனுக்குச் சொன்ன ஒழுங்கு இங்கேயும் உண்டு. அந்த அளவு மெட்டல் கடையில் இருக்கிறதா என்று தெரிந்த பிறகே கிராங்க்கை கிரைண்டிங் கல்லில் ஏற்ற வேண்டும். கிரைண்டிங்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஜர்னலின் இரு ஓரங்களிலும் இருக்கும் சிறு வளைவு. அதைக் கூர்மையான மூலையாக அரைத்துவிட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும்; சில மாதம் கழித்து கிராங்க் அந்த மூலையில்தான் முறியும். ஆயில் துளைகளில் சிக்கிய அரைத்தூளைக் கம்பி விட்டும் காற்று அடித்தும் எடுக்காமல் பூட்டினால் புது மெட்டல் முதல் மணி நேரத்திலேயே கீறிவிடும். கன்ராடு போல்ட்டுகளை எப்போதும் புதிதாகவே போட வேண்டும். ஒரு போல்ட் முறிந்தால் கன்ராடு கிராங்க் கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதன்பின் பிரித்துக் கட்ட இன்ஜினே இருக்காது.

பேரிங், ஆயில் சீல் இரண்டுக்கும் வண்டிக் கம்பெனியின் பெட்டியைத் தேடி அலையத் தேவையில்லை. இவை உலகம் முழுக்க ஒரே அளவு முறையில் செய்யப்படுபவை. பேரிங்கின் பக்கத்தில் 6205 என்று எண் இருந்தால், எந்தத் தயாரிப்பாளருடையது ஆனாலும் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. தான். சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று எண்களும் ரப்பரிலேயே அச்சாகியிருக்கும். பழையதைத் தூக்கிப் போடும் முன் எண்ணைக் குறித்துக்கொண்டால், மோட்டார் பம்பு சாமான் விற்கும் கடையிலும் வாங்கிவிடலாம். சூடு தாங்கும் ரப்பர் வகைதானா என்பதை மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

டீசல் பம்பும் நாசிலும் தனி உலகம். பம்பின் பிளஞ்சரும் அது ஓடும் பேரலும் மைக்ரான் கணக்கில் ஒன்றுக்கொன்று உரசிப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒரு பம்பின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போட்டால் வேலை செய்யாது. எனவே இதில் பாதிச் சாமான் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாசிலைக் கை டெஸ்டரில் மாட்டி அடித்துப் பார்த்தால் பனி மாதிரி பீய்ச்சுகிறதா, சொட்டுகிறதா என்பது உடனே தெரியும். திருப்பத்தூர் வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் கிடைப்பதில் சிரமம் இல்லை. கிணற்றுப் பாசனத்துக்கு ஆயில் இன்ஜின் ஓடிய காலத்திலிருந்தே நாசில் பார்ப்பதும் வால்வு அரைப்பதும் தமிழகத்துச் சிறு நகரங்களில் ஊறிப்போன தொழில்.

இனி எங்கே வாங்குவது என்பது. கேஸ்கெட் செட், ரிங், ஃபில்டர், நாசில், கிளட்ச் பிளேட் போன்றவை திருப்பத்தூர், வாணியம்பாடிக் கடைகளிலேயே கிடைக்கும் சரக்கு. பட்டியல் கொஞ்சம் நீண்டால் கிருஷ்ணகிரி. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் என்பதால் வண்டிச் சாமான் வியாபாரம் அங்கே பெரியது. அதற்கு அப்பால் இரண்டு பெரிய சந்தைகள். ஒன்று பெங்களூரின் ஜே.சி. ரோடு. மற்றது சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும். ஜி.பி. ரோட்டில் புதுச் சாமான். எழும்பூரை ஒட்டிக் கூவம் கரையில் இருக்கும் புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் பழைய சாமான். திருப்பத்தூர் ரயில் நிலையம் ஜோலார்பேட்டை-சேலம் பாதையில் இருக்கிறது. பக்கத்து ஜோலார்பேட்டை சந்திப்பில் சென்னை, பெங்களூரு, சேலம் பாதைகள் மூன்றும் கூடுகின்றன. காலையில் போய் இரவில் திரும்பும் வசதி இப்படி இரண்டு பக்கமும் அமைந்த ஊர்கள் குறைவு. பழைய சாமானைப் பொறுத்தவரை இது பெரிய அனுகூலம். ஏனென்றால் கண்ணால் பார்த்து, அளந்து வாங்க வேண்டியவை அவை. புதுச் சாமானைப் பார்சலில் வரவழைக்கலாம்.

பார்சலில் வரவழைப்பதானால் சொல்ல வேண்டிய விவரங்கள் நான்கு: இன்ஜின் எண் முழுதாக, வண்டி தயாரான ஆண்டு, சி.சி., பாகத்தின் எண். நான்காவதுக்குத் தயாரிப்பாளரின் பார்ட்ஸ் கேட்டலாக் உதவும். ஒவ்வொரு பாகமும் படமாக வரைந்து எண் போடப்பட்டிருக்கும். படத்தில் விரல் வைத்துக் காட்டும் எண்ணுக்கு மொழிச் சண்டை கிடையாது. ஒரே சாமானைத் திருப்பத்தூர்க் கடையில் ஒரு பெயரிலும் பெங்களூர்க் கடையில் வேறு பெயரிலும் சொல்வார்கள், எண் ஒன்றுதான். பழைய பாகத்தை ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்த கைபேசிப் படமும் சேர்ந்தால் தவறு வர இடம் குறைவு.

'ஒரிஜினலா, டூப்ளிகேட்டா' என்று இரண்டே வகையாகப் பேசுவது கடைத்தெரு வழக்கம். உண்மையில் வகைகள் நான்கு. வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவது ஒன்று. அதே கம்பெனிக்குப் பாகம் செய்து தருபவர் தன் சொந்தப் பெயரில் விற்பது இரண்டாவது. சொந்தப் பெயரில் நேர்மையாகச் செய்யும் மற்றத் தயாரிப்பாளர்களுடையது மூன்றாவது. நல்ல பெயரைத் திருடி அச்சடித்த பெட்டியில் வருவது நான்காவது. போலி என்பது இது மட்டும்தான். முதல் மூன்றில் எதை வாங்கினாலும் இன்ஜின் ஓடும். அதிலும் இரண்டாவது வகைக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை என்பதை வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், வால்வுக்கு ரானே, மெட்டலுக்குக் கோவையில் தொடங்கிய பைமெட்டல் பேரிங்ஸ் என்று இந்த மாநிலம் இன்ஜின் உள்பாகங்களை நாட்டுக்கே செய்து கொடுத்துவருகிறது. தன் பெயரைப் பாகத்திலேயே பொறித்து விற்கும் தயாரிப்பாளரின் சரக்கை, பெயரில்லாத பாலித்தீன் பை சரக்கை விடச் சற்றே அதிகம் கொடுத்து வாங்குவதுதான் அறிவு.

போலியைப் பிடிக்கப் பெட்டியைப் பார்த்தால் மட்டும் போதாது. அச்சு வேலை இன்று யாருக்கும் எளிது. பாகத்தைப் பார்க்க வேண்டும். பிஸ்டனின் உள்பக்க வார்ப்பு சுத்தமாக இருக்கிறதா, ரிங் காடியின் ஓரம் பிசிர் இல்லாமல் இருக்கிறதா, தயாரிப்பாளர் குறியும் அளவு எண்ணும் தெளிவாகப் பதிந்திருக்கின்றனவா, பழைய பிஸ்டனோடு எடை எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பவை பேசும். ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன் எடை கூடினால் அதிர்வு கூடும். ஓட்டுநரின் முதுகு முதல் சேசிஸ் வெல்டிங் வரை அதைத் தாங்க வேண்டியிருக்கும். பில் போட்டு வாங்குவது இன்னொரு பாதுகாப்பு. வாகன உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிக்கும் ஆசைக்கு இப்போது காரணமும் குறைந்துவிட்டது.

தனித்தனிச் சாமானுக்குப் பதில் முழு இன்ஜினையே பழையதாக வாங்கிப் பொருத்தும் வழியும் உண்டு. விபத்தில் பாடி நசுங்கிய, இன்ஜின் நன்றாக இருக்கும் வண்டி கிடைத்தால் அது லாபமே. ஆனால் இன்ஜின் எண் ஆர்.சி.யில் பதிவான ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி இன்ஜினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்தம் செய்துகொள்ள வேண்டும். விற்றவரின் பில், அந்த இன்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டும் இல்லாமல் பழைய இன்ஜின் வாங்கினால், எஃப்.சி.க்குப் போகும்போது வண்டி நிற்கும். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்துவிட்டால் வழக்கே வரும். கிராங்க் கேஸ் உடைந்து எண் உள்ள பாகமே மாறும்போதும் இதே ஒழுங்கு பொருந்தும்.

ஒரு பழைய இன்ஜினுக்கு எத்தனை காலம் சாமான் கிடைக்கும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஃபோக்ஸ்வாகன் வேன். 1950-இல் ஜெர்மனியில் பிறந்த அந்த வேனுக்கும், 2 கோடியே 15 லட்சம் தயாரான பீட்டில் காருக்கும் காற்றில் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரே குடும்பம். ஜெர்மனியில் அந்த வேனின் காலம் முடிந்த பிறகும் பிரேசில் அதைக் கைவிடவில்லை. அங்கே 2005 வரை காற்றுக் குளிர்ச்சி இன்ஜினோடும், பிறகு தண்ணீர்க் குளிர்ச்சி இன்ஜினோடு 2013 வரையும் வேன் தயாரானது. மெக்சிகோவின் புவேப்லாவில் கடைசி பீட்டில் 2003 ஜூலையில் வெளிவந்தது. அதனால் அறுபது வருடப் பழைய வேனுக்கும் புது சிலிண்டர், பிஸ்டன், ஹெட் எல்லாம் இன்றும் வாங்கலாம். எண்ணிக்கை அதிகம், பல நாடுகளில் தயாரிப்பு, மாறாத அளவுகள் என்ற மூன்றும் சேர்ந்து தந்த ஆயுள் அது. அங்கேயும் மூலையில் கிடக்கும் கவசத் தகரத்தைத் தேடுவதும், நாலு பிஸ்டனையும் எடை பார்த்துச் சேர்ப்பதும்தான் தலையாய வேலை.

ஆப்பே குடும்பத்து இன்ஜினுக்கும் எண்ணிக்கைதான் பலம். 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கும் புது வண்டிகள் எல்லாம் பி.எஸ். 6 விதிக்கு உட்பட்டவை. அதற்கு முந்தைய இன்ஜின்கள் புது வண்டிகளில் இனி வருவதில்லை. இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் நாடு முழுக்க ஏராளம். ரிங், பிஸ்டன், வால்வு, மெட்டல் போலத் தேயும் பாகங்கள் தேவை இருக்கும்வரை தயாராகிக்கொண்டே இருக்கும். முதலில் அரிதாகப் போவது தேயாத பாகங்கள்தான்: கிராங்க் கேஸ், கவசத் தகரம், ராக்கர் கவர், விசிறி இதழுள்ள ஃப்ளைவீல், கவர்னர் லிவர்கள். அடிக்கடி விற்காத இவற்றைக் கடைக்காரர் இருப்பு வைக்க மாட்டார். வண்டியைப் பல வருடம் வைத்துக்கொள்ள நினைப்பவர், உடைப்புக் கடையில் நல்ல நிலையில் கண்டால் இவற்றை இப்போதே ஒரு செட் எடுத்து வைப்பது நல்லது.

எல்லாச் சாமானும் வந்து இன்ஜின் கட்டியான பிறகு, ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், டார்க் ரென்ச்சால், கையேட்டு அளவுக்குப் படிப்படியாக முடுக்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் பாதிச் சுமையோடு, மலை ஏறாமல் ஓட்டி, ஆயிலை மாற்றி, இன்ஜின் முழுதாக ஆறிய நிலையில் வால்வு இடைவெளியைத் திரும்பப் பார்த்து வைக்க வேண்டும். முதல் ஆயிலில் வரும் உலோகத் தூள் இயல்பு. இரண்டாவது ஆயிலிலும் அதே அளவு வந்தால் திறந்து பார்க்கத்தான் வேண்டும். கழற்றிய பழைய பிஸ்டன், மெட்டல், வால்வு எல்லாவற்றையும் அதுவரை தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் கோளாறின் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும். கடைசியாக, பிளாக் 0.50 ஓவர்சைஸ், கிராங்க் 0.25 அண்டர்சைஸ், ஷிம் எத்தனை, எந்தத் தயாரிப்பாளரின் பிஸ்டன், எந்தத் தேதி, எத்தனையாவது கிலோமீட்டர் என்று ஒரு தாளில் எழுதி, பில்களோடு சேர்த்து ஆர்.சி. உறைக்குள் வைக்க வேண்டும். அடுத்த முறை இந்த இன்ஜினைத் திறப்பவர் வேறு மெக்கானிக்காக இருக்கலாம், வண்டியும் வேறு கைக்குப் போயிருக்கலாம். அந்தத் தாள் இருந்தால் அவர் அளவு தெரிந்தே சாமான் கேட்பார்.